எட்டுக் கோர், இரண்டு மச்சான்மார்

கேம் விளையாடினால் கணினியின் புரொசசர் கருகிப் போகும் என்று இரண்டு வருடங்கள் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீடியோ எடுக்கச் சொல்லி வந்தவர், போட்டோ கழுவ வந்தவர், சும்மா தேத்தண்ணி குடிக்க வந்தவர் என்று ஒருவரையும் விடாமல் அதைப் பிரசங்கம் செய்தேன். என் பேச்சைக் கேட்டு நுரைச்சோலையில் ஒரு குடும்பம் வீட்டுக் கணினியிலிருந்த கேம்கள் அத்தனையையும் அழித்துவிட்டதாகக் கேள்வி. அந்த வீட்டார் இதை வாசிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும். என் பிரசங்கத்துக்கான மறுப்பு இப்போது என் மேசை லாச்சியில், ஒரு நீளமான தபால் உறைக்குள் கிடக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள். அதன் மேல் சிவப்பு ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மரியாதை அடுத்த பந்தி வரைக்கும் தாங்காது.

உறையைத் தந்தவன் மச்சான். என் மனைவியின் தம்பி. ஆனால் அவன் மச்சான் ஆவதற்கு முன்பே எனக்கு அவனைத் தெரியும். தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கமிருந்து வந்து ஆலங்குடாவில் இறங்கியபோது எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பக்கத்துப் பக்கத்து ஓலைக் கொட்டில்கள். அப்போதிருந்தே நான் வாய், அவன் காது. நான் பத்து வார்த்தை சொல்லி முடிக்கும் வரை காத்திருந்து, ஒரு வார்த்தையில் பதில் சொல்வான். பெரும்பாலும் அந்த வார்த்தை “ஓம்” என்பதாகவே இருக்கும். வளர்ந்த பிறகு நான் கமராவைப் பிடித்தேன், அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கற்பிட்டி மரக்கறியைக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் ஏற்றும் லொறியில் பதினைந்து வருடம் ஓடினான். யுத்தம் முடிந்து சில வருடங்களில் இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப் போனது. இனி லொறி ஓட்டினால் நடக்கவும் முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மச்சான் அதற்கும் “ஓம்” என்று சொல்லிவிட்டு வந்து, என் ஸ்டூடியோவில் மின்விளக்குப் பிடிக்கவும் வயர் சுருட்டவும் தொடங்கினான்.

லொறி மட்டும் அவனை விடவில்லை. என் பழைய கணினியில் லொறி ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றினான். திரையில் ஐரோப்பாவின் ஏதோ ஒரு மழைச்சாலை ஓடும். அவனுடைய குரல் மட்டும் எங்கள் சாலையில் ஓடும். மைக்கைப் பிடித்தால், பகலெல்லாம் பத்து வார்த்தை பேசாதவன் பேச ஆரம்பிப்பான். “இந்தா, எலுவன்குளம் தாண்டுறம். இனி ரெண்டு பக்கமும் காடுதான். ஆனை நிண்டா ஹோர்ன் அடிக்கப்படாது, பொறுமையா நிக்கணும். அது போன பிறகுதான் நாம.” அப்படியே வில்பத்துக் காட்டைக் கடந்து, மறிச்சுக்கட்டியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி, அவன் பிறந்த சிலாவத்துறையில் கடலைக் காட்டி முடிப்பான். அந்த நிஜச் சாலை ஒரு காலம் திறந்திருக்கும், ஒரு காலம் மூடியிருக்கும். வழக்கும் வாக்குவாதமும் அதற்கு ஓய்ந்ததில்லை. மச்சானின் சாலைக்கு மட்டும் கேற் கிடையாது. இதை இணையத்தில் போட்டான். கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் வந்து விழுந்தார்கள். “நானா, இன்டைக்கு வெட்டாம முழுசா ஓட்டுங்க” என்று, அண்ணனைக் கூப்பிடுவது போல எழுதுவார்கள். முழுவதும் ஓட மூன்று மணித்தியாலம். பழைய கணினியோ ஒரு மணித்தியாலத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். லொறி எப்போதும் காட்டுக்குள்தான் நிற்கும்.

அதே காலத்தில் கல்யாண வீடுகளும் மாறியிருந்தன. ஒரு கமராவும் ஒரு பாட்டும் இருந்தால் போதும் என்ற காலம் போய், மூன்று கமரா, மேலே பறக்க ஒரு ட்ரோன், சினிமா போல ஒரு முன்னோட்டம் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஆக இரண்டு பேருக்கும் ஒரு நல்ல கணினி வேண்டும். பாதிப் பாதியாகப் போட்டு வாங்குவோம், ஆளுக்குப் பாதி நாள் என்று தீர்மானித்தோம். எதை வாங்குவது என்று தேடிப் பிடிப்பது என் பொறுப்பு. வாய் உள்ளவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? மூன்று மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை. புரொசசர் செய்வது இரண்டு கம்பனிகள். ஒன்றின் நிறம் நீலம், மற்றதன் நிறம் சிவப்பு. எங்கள் நாட்டில் கட்சி பார்ப்பது போலத்தான் இதற்கும் கட்சி பார்க்கிறார்கள். நீலக் கட்சிக்காரன் சொல்வதைக் கேட்டால் சிவப்பு வாங்குபவன் மடையன், சிவப்புக் கட்சிக்காரன் சொல்வதைக் கேட்டால் நீலம் வாங்குபவன் பரம்பரை மடையன். அதற்குள் தலைமுறை வேறு. இது எத்தனையாவது தலைமுறை, அடுத்த தலைமுறை எப்போது வரும், இப்போது முடித்தால் அடுத்த வருடம் வருத்தப்பட வேண்டி வருமா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள் கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. ஒரு நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளை சம்மதம் சொல்லும் நேரத்தில் என் மனம், புரொசசருக்குள் வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் கோர் எட்டா பன்னிரண்டா என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தது. கமரா மாப்பிள்ளையை விட்டு மேலே போய் மின்விசிறியைப் படம் பிடித்திருந்தது.

கடைசியில் இருவருமாகக் கொழும்புக்குப் போனோம். மாடிக்கு மாடி கணினிக் கடைகள் அடுக்கிய ஒரு கட்டிடம். அங்கே ஒரு கடையைச் சிலாபத்துப் பக்கத்துப் பெண் ஒருவர் நடத்தினார். எல்லோரும் அவரை மிஸ் என்று கூப்பிட்டார்கள், நாங்களும் மிஸ் என்றோம். கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்த நாற்பத்தொரு கேள்விகளில் மூன்றைக் கேட்டு முடிப்பதற்குள் மிஸ் கையை உயர்த்தினார்.

“அண்ணா, அதெல்லாம் பிறகு. இந்த மிஷினுக்கு நீங்க குடுக்கிற பாரமான வேலை என்ன? ஒரே மூச்சில எவ்வளவு நேரம்?”

நான் கல்யாண வீடியோவைப் பற்றிக் கால் மணித்தியாலம் விளக்கினேன். மச்சான் “லொறி. மூண்டு மணித்தியாலம்” என்றான். கேமுக்கு ஒவ்வொரு கோரும் வேகமாக இருந்தால் போதும், எண்ணிக்கை அவ்வளவு முக்கியமில்லை என்றும், வீடியோவைக் கோத்து முடித்து வெளியே எடுப்பதற்கோ எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும் என்றும் மிஸ் சொன்னார். எனக்கு மூன்று மாதமாகப் புரியாததை மச்சான் அந்த இடத்தில் ஒரே வரியில் முடித்தான். “விளங்குது. மச்சானுக்குக் கரைவலை. முப்பது பேர் வடம் இழுக்கணும். எனக்கு ஒரு போட், ஒரு நல்ல எஞ்சின்.” மிஸ்ஸின் அப்பாவும் கடற்றொழிலாளியாம். சிரித்துக்கொண்டே நடுத்தரமான எட்டுக் கோர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இழுக்கவும் ஆள் இருக்கிறது, எஞ்சினும் குறைவில்லை. பன்னிரண்டு கோருக்குப் போடும் காசை கிராபிக்ஸ் கார்டிலும் ரேமிலும் போடுங்கள், கேமுக்கு அதுதான் உயிர் என்றார். “உங்கட ஊர் வெக்கைக்குப் பெரிய கூலர் ஒன்டு கட்டாயம் போடுங்க” என்று, அரைச் செங்கல் அளவில் ஒரு பெட்டியையும் சேர்த்தார். புரொசசரின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை இழுத்து வெளியே தள்ளும் சாமான் அது. பஸ் குலுக்கலில் அந்தப் பாரம் போர்டை உடைத்துவிடும், வீட்டுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று, சூடு கடத்தப் புரொசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுவதற்கு ஒரு சின்னக் குழாய் பேஸ்டும் தந்தார். எப்படிப் பூட்டுவது என்று அவர் சொல்லிக்கொடுத்த நேரத்தில் நான் ஆலங்குடாவுக்குப் போன் எடுத்து, மிஷின் வாங்கிவிட்ட செய்தியை அறிவித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் ஒன்று வந்தால் அதன் உறையைக் கழற்ற மாட்டோம். ரிமோட் பொலித்தீனுக்குள் இருக்கும். செற்றிக் கதிரையில் உட்கார்ந்தால் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் முனகும். ஐஸ் பெட்டியின் கதவில் ஒட்டி வந்த ஸ்டிக்கர் ஏழு வருடம் ஒட்டியிருக்கும். கேட்டால் உப்புக் காற்று, மணல், துரு என்போம். அது பொய்யில்லை, உப்பளக் காற்றில் ஆணி கூட வருடம் தாங்காது. ஆனால் கையில் பிடித்ததோடு வந்து இறங்கியவர்கள், புதிதாக ஒன்று கிடைத்தால் அது புதிதாகவே இருக்கட்டும் என்று நினைப்பதும் அதற்குள் இருக்கிறது. அன்று பின்னேரம் நான் பேஸ்டைப் பூசி முடித்து, கூலரைக் கையில் எடுத்தபோது மச்சான் அதன் அடியைப் பார்த்தான்.

“மச்சான், இதில ஒரு தாள் ஒட்டியிருக்கு. என்னமோ எழுதியிருக்கு. கழட்டவா?”

வெள்ளெழுத்துக் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தது. அதைப் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று ஸ்டூடியோவுக்குக் கொண்டுவருவதில்லை. சிவப்பாக ஏதோ ஒரு கோடு தெரிந்தது. “கம்பனிப் பேராயிருக்கும். இவ்வளவு விலைக்கு வாங்கின சாமானை முதல் நாளே உரிக்கிறதா? உப்புக் காத்துப் படும். இருக்கட்டும்” என்றேன். மச்சான் “ஓம்” என்றான். நாலு ஆணியையும் நானே முறுக்கினேன்.

கணினி எழும்பியது. சின்ன வேலைகளுக்குக் குதிரை போல ஓடியது. மச்சான் முதல் தடவையாக லொறியை வெட்டாமல் சிலாவத்துறை வரைக்கும் கொண்டு போனான். கட்டாரிலிருந்து ஒருவர் “கடலைக் காட்டினதுக்கு நன்றி நானா” என்று மட்டும் எழுதியிருந்ததை எனக்கு இரண்டு முறை காட்டினான். கூடவே, “கொஞ்சம் சூடாகுது மச்சான், விசிறி கத்துது” என்றும் சொன்னான். புது எஞ்சின், ஓடப் பழகட்டும் என்றேன். லொறிக்காரனுக்கே எஞ்சினைப் பற்றி விளக்கம் சொன்னவன் நான்.

பிறகு வந்தது கருவாட்டு ஹாஜியாரின் மகளின் கல்யாணம். மூன்று கமரா, ட்ரோன், இரண்டு நாள் படப்பிடிப்பு. மணமக்கள் ஞாயிறு விடியற்காலை சவூதிக்குப் பறக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வான் புறப்படும். அதற்குள் படம் மகளின் கையில் இருக்க வேண்டும். “போனா ரெண்டு வருசம் வரமாட்டா. அங்க தனிய இருக்கக்குள்ள போட்டுப் பாக்கட்டும்” என்றார் ஹாஜியார். நான் நெஞ்சில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கோத்து முடித்து, படத்தை வெளியே எடுக்கும் பொத்தானை அமத்தினேன். நூற்றுக்கு முப்பது வீதத்தில் கணினி செத்தது. மறுபடி எழுப்பினேன். இருபத்தெட்டில் செத்தது. மறுபடி எழுப்பினேன். இந்த முறை முப்பத்தொன்று வரை போனதும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் திரை இருண்டது.

அடுத்து நான் செய்தவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டும். ஆனால் வெட்கம் இருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். கணினியின் பக்கக் கதவைக் கழற்றி மேசை விசிறியை முகத்துக்கு நேரே வைத்தேன். போதாது என்று மாம்புரிக் கரைக்கு ஓடி, மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வந்து விசிறிக்கும் கணினிக்கும் நடுவில் வைத்தேன். ஸ்டூடியோ முழுக்கச் சூடை மீன் வாசம். ஈரத் துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் தலையில் போடப் போனபோது மனைவி பிடித்துக்கொண்டாள். “அது கம்பியூட்டர். காய்ச்சக்காரப் புள்ள இல்ல.” ஓதி ஊதியும் பார்த்தேன். ஐஸ் கரைந்த வேகத்தில் படமும் ஓடியிருந்தால் மூன்று பிரதி எடுத்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஹாஜியார் நேரே வந்துவிட்டார். செற்றியில் உட்கார்ந்தார், பிளாஸ்டிக் முனகியது. மச்சான் மூலையில் வயர் சுருட்டிக்கொண்டு நின்றான். மூளை நிற்கும்போது என் வாய் தனியாக ஓடும்.

“ஹாஜியார், என்ட பிழையில்ல. இந்தா நிக்கிறான் பாருங்க, இவன்ட லொறி. கேம் எண்டு சொல்லி நாள் முழுக்க லொறி ஓட்டி மிஷின்ட மூளையைக் கருக்கிப் போட்டான்.”

ஹாஜியார் மச்சானை மேலும் கீழும் பார்த்தார். “நாப்பது வயசில விளையாட்டா தம்பி? என்ட மகள்ட கல்யாணம் உங்களுக்கு விளையாட்டா?”

மச்சானின் கையிலிருந்த வயர் நின்றது. என்னைப் பார்த்தான். சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. பிறகு வயரை மெதுவாக மேசையில் வைத்தான்.

“ஒருக்கா அந்தக் கூலரைக் கழட்டிப் பாக்கிறன் மச்சான். நீங்க ஹாஜியாருக்கு ஒரு பிளேன்டி ஊத்திக்கொண்டு வாங்க.”

தேத்தண்ணியோடு நான் திரும்பி வந்தபோது அவன் கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தான். “பேஸ்ட் காஞ்சி போயிருந்திச்சு. புதுசா வெச்சிருக்கன்” என்றான். பொத்தானை அமத்தினேன். முப்பது போனது. ஐம்பது போனது. விசிறி கத்தவில்லை. நாற்பது நிமிடத்தில் படம் முழுதாக வெளியே வந்தது. ஹாஜியார் இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் அவருடைய சட்டைப் பைக்குள் படம் இருந்தது. அஸர் பாங்கு அதற்குப் பிறகுதான் கேட்டது.

உயிர் வந்ததும் எனக்குத் திமிரும் வந்தது. “பேஸ்ட் காஞ்சது உன்ட லொறியாலதானே?” என்று ஹாஜியாரின் முன்னாலேயே கேட்டேன். மச்சான் மேசையிலிருந்த வயரை எடுத்துச் சுருட்டினான். “ஓம் மச்சான். லொறியாலதான்.”

அன்றோடு பாதிப் பாதி முடிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் மட்டும் கேம் என்று சட்டம் போட்டேன். அவனுடைய பங்கும் சேர்ந்து வாங்கிய கணினி. அவன் வாதாடவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் லொறி மறிச்சுக்கட்டியைத் தாண்டாது. வெளிநாட்டிலிருந்து “நானா, ஏன் இப்ப கடல் வரைக்கும் போறதில்ல?” என்று கேட்டவர்களுக்கு “ரோட்டு வேலை நடக்குது” என்று பதில் எழுதினான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கடைக்கு வருபவர்களிடம் ஐஸ் கதையையும், கருகிய மூளைக் கதையையும் நடித்துக் காட்டினேன். மச்சான் அந்த அறையிலேயே இருப்பான். நான் ஹாஜியாரைப் போலக் குரலை மாற்றும் இடத்தில் அவனும் சிரிப்பான்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மச்சான் குடும்பத்தோடு சிலாவத்துறைக்குத் திரும்பிப் போனான். வாப்பாவின் காணியில் வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய லொறியின் முன் கதிரையில், ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் நாரிக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். லொறி அசையும் நேரத்தில் ஜன்னலால் உறையை நீட்டினான். “வீட்ட போய்ப் பாருங்க மச்சான். கண்ணாடியைப் போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தேன். அதன் பிறகு கதிரையில் உட்கார்ந்தேன், பிளாஸ்டிக் முனகியது. போன் எடுத்தேன். காட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்தது.

“ஏன்டா சொல்லல்ல?”

“ஹாஜியார் இருக்கக்குள்ள எப்பிடி மச்சான் சொல்றது? உங்கட பேரை நம்பித்தானே ஊர் கல்யாணம் ஒப்படைக்குது.”

“பிறகாவது சொல்லியிருக்கலாமே?”

“பிறகு நீங்க கதையாக்கிட்டீங்க. நல்லாவும் இருந்திச்சு. அந்த ஐஸ் இடம்.” சிக்னல் போனது.

போன மாதம் சிலாவத்துறைக்குப் போய் வந்தேன். மச்சானுக்கென்று தனியாக ஒரு கணினி. இந்த முறை பங்கில்லை. என்ன புரொசசர் என்று நான் மூன்று மாதம் தேடவில்லை, மூன்று நிமிடத்தில் சொன்னேன். இன்றைக்கு இந்தக் கரையில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். உன் வேலை கரைவலையா எஞ்சின் படகா, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம், உன் அறை எவ்வளவு வெக்கை? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் சாமானின் பெயரை நான் சொல்கிறேன். கட்சி பார்க்காதே, அடுத்த தலைமுறைக்குக் காத்திருக்காதே. கூலரை மச்சானின் முன்னால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நானே உரித்துப் பூட்டினேன். அவன் மைக்கைப் பிடித்தான். லொறி இப்போது மறுபக்கமாக ஓடுகிறது. சிலாவத்துறையில் கிளம்பி, காட்டைக் கடந்து, எலுவன்குளத்தில் தேத்தண்ணி குடித்து, ஆலங்குடாவில் என் ஸ்டூடியோ வாசலில் ஹோர்ன் அடித்து நிற்கிறது. மூன்று மணித்தியாலம், வெட்டில்லாமல்.

உறை இன்னும் என் லாச்சியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்த அன்று இன்னொரு வேலையும் செய்தேன். அந்த லொறிக் கேம், எந்தெந்த நாள் ஓடியது என்று தானே குறித்து வைத்திருக்கும். இரண்டு வருடமாக நான் திறந்து பார்க்காத இடம். திறந்து பார்த்தேன். ஹாஜியார் வந்த சனிக்கிழமைக்கு முந்திய பதினொரு நாளும் மச்சான் லொறியைத் தொடவே இல்லை. கல்யாண வேலைக்காகக் கணினியை எனக்கு விட்டுவைத்திருந்தான். தாளில் எழுதியிருந்தது: பூட்டுமுன் கழற்றவும். கழற்ற வேண்டாம் என்று சொன்னது நான்.